தூங்குகிற பெண்ணின் படம்

மே 8, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஐந்து நாள்தான் ஆகிறது, அதற்குள் மதுரை வெந்துபோய்விட்டது. ஆபீசில் ஏ.சி. பாதி நாள் வேலை செய்கிறது, மீதி நாள் சத்தம் மட்டும் போடுகிறது. முழங்கால் வலி நேற்றைவிடப் பரவாயில்லை.

காலையில் ஆசிரியர் சடகோபன் கூப்பிட்டார். நூறு நாள் வேலைக்கு இன்னும் கூடுதலாக ஒதுக்கப் போகிறார்களாம். வருமான வரி கட்டுகிறவன் வயிறு எரிகிற மாதிரி ஒன்று போடுங்கள் என்றார். முப்பத்தொரு வருஷமாக மூன்றாம் பக்கத்தில் கார்ட்டூன் போடுகிறேன். யார் வயிறு எதற்கு எரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் வழி ஒன்றுதான். மந்திரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். சாதாரண ஜனங்களை மனதிலிருந்து வரையமாட்டேன். வரைந்தால் பொம்மை மாதிரி நிற்பார்கள். அதனால் ஊர் நிருபர்களிடம் போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்து வரைவேன். மற்ற கார்ட்டூனிஸ்டுகளுக்கும் எனக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. திருச்சுழிப் பக்கத்து நிருபர் ஜெபராஜிடம், நூறு நாள் வேலைக்காரர்கள் தூங்குகிற மாதிரி ஏதாவது எடுத்து அனுப்பு என்று ஒன்பது மணிக்கே சொல்லிவிட்டேன்.

மதியத்துக்குள் ஐந்து படம் வந்தது. நாலில் பெண்கள் கண்மாய்க்குள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஐந்தாவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கருவேல மரத்தடியில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். சேலைக்கு மேலே வெயிலுக்காக ஆண் சட்டை, அதன் பையில் வேறு துணி ஒட்டுப்போட்டிருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், அவர்களை நீக்கிவிட்டேன். ஆள் கூடினால் கார்ட்டூன் நீர்த்துப்போகும். ஒரு கை உடம்புக்குக் கீழே மடங்கிக் கிடந்தது, பார்க்க நன்றாக இல்லை. அதை எடுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்தேன். தலைக்கு ‘வறுமை ஒழிப்பு நிதி’ என்று எழுதிய மூட்டை. பக்கத்தில் மந்திரி விசிறியோடு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு: “சத்தம் போடாதீங்க, வறுமை ஒழிஞ்சுக்கிட்டு இருக்கு!”

சடகோபன் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஆறு மாதம் இருக்கும்.

மே 9, புதன்

பதினேழு போன். ஒரு ஜவுளிக்கடை முதலாளி சட்டம் போட்டுக் கடையில் மாட்டப்போகிறாராம். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், முப்பது வருஷம் நான் சொல்ல நினைத்ததை நீங்கள் ஒரே படத்தில் சொல்லிவிட்டீர்கள் என்றார். வாட்ஸப்பில் எனக்கே எட்டுப் பேர் அனுப்பினார்கள், இரண்டில் என் கையெழுத்தை வெட்டிவிட்டிருந்தார்கள்.

பொற்கொடி பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். எப்படி இருக்கிறது என்று நானே கேட்டேன். மரம் நன்றாக வந்திருக்கிறது என்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என் படத்தில் மரத்தைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

மே 10, வியாழன்

பல்வலி. கிராம்புத் தைலம். பெட்ரோல் விலை பற்றி ஒன்று போட்டேன், சுமார்.

மே 12, சனி

சாப்பிடும்போது பொற்கொடியே பேச்சை எடுத்தாள். நான் ஐந்தாவது வரை பள்ளிக்கூடத்தில் அரசாங்கச் சோறு தின்றவன் என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“அப்ப ஒருத்தர் கார்ட்டூன் போட்டிருந்தா உங்க தட்டத்தான போட்டிருப்பாரு” என்றாள்.

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரசத்தில் உப்பு கூடுதல்.

மே 15, செவ்வாய்

இன்று மதியம் வாட்ச்மேன் மேலே வந்து, கார்ட்டூன் போடுகிறவரைப் பார்க்க ஒரு பொம்பளைப்பிள்ளை வந்திருக்கிறது என்றார். பாராட்ட வந்திருக்கும் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன்.

வயது இருபத்தெட்டு இருக்கும். பெயர் நாகஜோதி. அருப்புக்கோட்டையில் தையல் வேலை. சொந்த ஊர் கீழக்கொன்றையூர். கையில் புதன்கிழமைப் பேப்பர், மூன்றாம் பக்கம் மட்டும், நாலாக மடித்திருந்தாள். மேஜைமேல் விரித்து, படுத்திருக்கிற பெண்ணைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள்.

யாரும் இல்லையம்மா, கார்ட்டூன் என்பது கற்பனை என்றேன்.

“இது எங்கப்பா சட்டைங்கய்யா. பை கிழிஞ்சதுக்கு நாந்தேன் பூப்போட்ட துணி வச்சுத் தச்சேன். பாக்காம எப்பிடிங்கய்யா வரைஞ்சீக?”

ஒட்டுப்போட்ட பை எத்தனையோ சட்டையில் இருக்கும் என்று ஏதோ சொன்னேன். அவள் மறுக்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் அம்மா முத்திருளாயி, ஐம்பத்திரண்டு வயது. எட்டாம் தேதி கண்மாய் வேலைக்குப் போனவர் பதினோரு மணிக்கு மேல் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்திருக்கிறார். ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆனால் பதிவேட்டில் அன்றைக்கு அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தார், வீட்டிலேயே விழுந்தார் என்கிறார் வேலையை மேற்பார்வை பார்த்துப் பதிவேடு எழுதுகிற பொறுப்பாளர். கூட வேலை செய்த பெண்கள் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் யாருக்கு வேலை என்பதை எழுதுகிறவர் அந்தப் பொறுப்பாளர்தான். நாகஜோதி யூனியன் ஆபீசுக்குப் போய்க் கேட்டபோது, அங்கே ஒருவர் எங்கள் பேப்பரையே எடுத்துக் காட்டி, உங்கள் ஆட்கள் வேலைக்கு வருகிற லட்சணம் இதுதானே என்றாராம். அப்போதுதான் அவள் அந்தப் படத்தை முதலில் பார்த்திருக்கிறாள்.

உதவித்தொகை கிடைக்காதா என்று கேட்டேன். அது பிறகு, முதலில் அம்மா அன்றைக்கு வேலைக்கு வந்தார் என்று எழுத வேண்டும் என்றாள். ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லையாம். வராதவர் என்று எழுதி மூடிவிட்டார்கள் என்பதை மூன்று தடவை சொன்னாள். படம் எதையாவது பார்த்து நான் வரைந்திருந்தால் அதைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

பார்க்கிறேன் என்றேன். போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். படமெல்லாம் அவ்வப்போது போனிலிருந்து அழிந்துவிடும். இருக்க வாய்ப்பில்லை.

மே 16, புதன்

ஜெபராஜ் போனை எடுக்கவில்லை. ஆறு தடவை.

மே 17, வியாழன்

ஜெபராஜ் நேரிலேயே வந்துவிட்டான். டீக்கடையில் உட்கார்ந்து அழாத குறை. கரைமேல் வண்டியை நிறுத்தி, இறங்காமலே எடுத்தானாம். இரண்டு பெண்களும் பேன் பார்க்கிறார்கள் என்று நினைத்தானாம். கூட்டம் கூடுவதற்குள் கிளம்பிவிட்டான். மறுநாள் சாவுச் செய்தி வந்தபோது அவனுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. போனில் இருந்ததை அன்றைக்கே அழித்துவிட்டான். செய்தியையும் அவன் அனுப்பவில்லை.

“அண்ணே, எம்பேரு மட்டும் வேணாம்ணே. ரெண்டு புள்ளைய வச்சிருக்கேன்” என்றான்.

தூங்குகிற மாதிரி எடுத்து அனுப்பு என்று சொன்னது நான். அதை அவன் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. டீக்கு நானே காசு கொடுத்தேன்.

மே 18, வெள்ளி

சடகோபனிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, கார்ட்டூன் கருத்துதான், சாட்சி இல்லை என்றார். செத்துக்கொண்டிருந்த பெண்ணை வைத்துச் சிரித்த பத்திரிகை என்று எதிராளிப் பேப்பர்கள் எட்டுக் காலத் தலைப்பில் போடும் என்றார். என் பணி நீட்டிப்பு ஜூனில் முடிகிறது, அதையும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நினைவூட்டுகிற மாதிரிதான்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திட்டத்தில் ஊழல் இல்லையா? வராதவன் பெயரில் கூலி எடுக்கிறார்கள், இல்லையா? அதைத்தான் நான் போட்டேன். ஒரு தனிப்பட்ட ஆளைப் பற்றிப் போடவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 20, ஞாயிறு

காலையில் மின்விசிறி துடைத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பொற்கொடி ஆச்சரியமாகப் பார்த்தாள். பழைய பேப்பரைக் கட்டிப் பரணில் வைத்தேன். செய்வதற்கு வேறு வேலை எதுவும் மிச்சமில்லை.

படம் போனில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையே தெரியும். அந்தப் பெண் கிளம்பிய உடனே திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். எட்டாம் தேதி, பகல் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வந்திருக்கிறது.

இன்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பெண்களும் பேன் பார்க்கவில்லை. ஒருத்தி தூக்குவாளியைச் சாய்த்து முகத்தில் தண்ணீர் ஊற்றுகிறாள், தண்ணீர் விழுவதுகூடத் தெரிகிறது. இன்னொருத்தி சேலைத் தலைப்பால் விசிறுகிறாள். முத்திருளாயியின் வாய் திறந்திருக்கிறது. மண்வெட்டி கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது, அதன் வாயில் ஈர மண் ஒட்டியிருக்கிறது. தூங்கப் போகிறவள் யாரும் தன் கையை அப்படி மடக்கிப்போட்டு அதன்மேல் படுக்கமாட்டாள். அது விழுந்த கை.

இதெல்லாம் எட்டாம் தேதியே என் கண்ணில் பட்டது. படாமல் எப்படி இருக்கும்? சட்டைப்பை ஒட்டு தெரிந்த எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை தெரியாதா? பார்த்தேன். நீக்கினேன். விசிறுகிறவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மந்திரி கையில் ஒரு விசிறியைக் கொடுத்தேன். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று இவ்வளவு நாள் நான் என்னையே கேட்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. வேறு பெரிய வார்த்தை தேடிப்பார்த்தேன். வெட்கம்தான்.

மே 21, திங்கள்

பொற்கொடியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு எப்போது கொடுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். வேலை போனாலும் போகும் என்றேன். போனால் வீட்டில் இருங்கள், தொட்டி கழுவ ஆள் வேண்டும் என்றாள்.

பொற்கொடியை நான் இதுவரை ஒரு படத்திலும் சரியாக வரைந்ததில்லை.

மே 22, செவ்வாய்

படத்தை நாகஜோதிக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான நீல அடையாளம் வந்தது.

மே 24, வியாழன்

நாகஜோதி போன் செய்தாள். படத்தை யூனியன் ஆபீசில் காட்டினாளாம், போனில் வருகிற படத்தில் யாரும் எதையும் செய்யலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை ஊரில் சமூகத் தணிக்கைக் கூட்டம் நடக்கப்போகிறது. வெளியூரிலிருந்து வருகிற தணிக்கையாளர்கள் நூறு நாள் வேலைப் பதிவேட்டை ஊர் நடுவில் வைத்துச் சத்தமாக வாசிப்பார்கள். யார் எந்த நாள் வந்தார், யார் வரவில்லை என்று பேர் பேராக வரும். தப்பு என்றால் அங்கேயே எழுந்து சொல்லலாம், சொன்னதை எழுதிக்கொள்வார்கள். அந்த இடத்தில் ஒருவர் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் வாசித்தது வாசித்ததுதான்.

“நீங்க வந்து சொன்னீகன்னா கேப்பாக” என்றாள்.

மே 25, வெள்ளி

திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். சடகோபன் வாசித்துவிட்டு, எந்த ஊரில் என்று கேட்டார். சொன்னேன். லீவு கிடையாது என்றார். பேப்பரை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மே 28, திங்கள்

ஏழு மணி பஸ். திருச்சுழியில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனேன். கீழக்கொன்றையூர் நிறுத்தத்து டீக்கடைச் சுவரில் என் கார்ட்டூன் ஒட்டியிருந்தது. டீ ஆற்றுகிறவர் அதைப் பார்த்துச் சிரித்தபடியே, சர்க்கரை போடலாமா என்று கேட்டார். நான் வரைந்தது என்று சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

சமுதாயக் கூடத்தில் எழுபது எண்பது பேர். பெண்கள்தான் அதிகம், எல்லாரும் தரையில். கண்ணாடி போட்ட தணிக்கைப் பெண் ஒருவர் மைக் இல்லாமலே வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ‘ஆமா’ என்று ஒரு குரல் வரும். ஆட்கள் விசிறிக்கொண்டும் பிள்ளையை அதட்டிக்கொண்டும் இருந்தார்கள். “முத்திருளாயி. எட்டாம் தேதி, வரவில்லை” என்று வாசித்தபோது கூடத்தில் விசிறிகள் நின்றுவிட்டன. ஆமாவும் வரவில்லை, இல்லையும் வரவில்லை. நாகஜோதி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். முழங்கால் சட்டென்று நிமிரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெயர் தவசி, மதுரையில் பத்திரிகையில் கார்ட்டூன் போடுகிறவன், உங்கள் டீக்கடையில் ஒட்டியிருப்பது நான் வரைந்தது என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு அடங்கிவிட்டது.

“அந்தம்மா தூங்கல. விழுந்து கெடந்தாங்க. நான் தூங்குற மாதிரி மாத்தி வரைஞ்சேன். தண்ணி ஊத்துனவங்களையும் விசிறுனவங்களையும் எடுத்துட்டேன். எட்டாம் தேதி பகல்ல எனக்கு வந்த படம் இது.”

ஆபீஸ் பிரின்டரில் பெரிதாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தணிக்கைப் பெண்ணிடம் கொடுத்தேன். போனில் தேதியும் நேரமும் பார்த்துக் குறித்துக்கொண்டார். எடுத்தது யார் என்று கேட்டார். வரைந்தது நான், எடுக்கச் சொன்னதும் நான், என்னை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். படத்தை அவர் முன்வரிசையில் கொடுத்தார். அது கை மாறிக்கொண்டே போனது. மூன்றாம் வரிசையில் ஒரு வயதான பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை.

“தண்ணி ஊத்துறது நாந்தேன்” என்றார். எழுந்திருக்காமலே சொன்னார். “எட்டு மணிக்கே வந்துட்டா. ரெண்டு குழி வெட்டி முடிச்சுட்டுத்தேன் விழுந்தா.”

அதற்குப் பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். பொறுப்பாளர் சின்னப் பெண்தான், முப்பதுகூட இருக்காது. வேலையிடத்தில் தண்ணீர்த் தொட்டியும் நிழல் பந்தலும் வைக்காமல் விட்டதற்குத் தன் வேலை போய்விடும் என்று பயந்து, அந்த வரியை அடித்து ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டதாகச் சொல்லி அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் ஒரு வரியை அடித்தார், நான் இரண்டு ஆட்களை அடித்தேன்.

தணிக்கைப் பெண் எழுதி முடித்து எழுந்து நின்று வாசித்தார்: “முத்திருளாயி. எட்டாம் தேதி, வேலைக்கு வந்தார். வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தார்.” கூடம் முழுக்க ‘ஆமா’ என்றது. நாகஜோதி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அம்மாவின் போட்டோ ஒன்று கொடு, மண்வெட்டியோடு நிற்கிற மாதிரி, முகம் தெரிகிற மாதிரி வரைகிறேன், அதே பக்கத்தில் அதே இடத்தில் போடவைக்கிறேன், போடாவிட்டால் நானே அச்சடித்து டீக்கடையில் ஒட்டுகிறேன் என்றேன். நான் கொடுக்க முடிகிற பெரிய பொருள் அது ஒன்றுதான். வேண்டாம் என்பாள் என்று நினைக்கவே இல்லை.

என் மனம் நோகக் கூடாது என்று யோசித்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“வேணாங்கய்யா. நீங்க நல்லாத்தேன் வரைவீக. ஆனா உங்க படம்னாலே பாக்குறதுக்கு முந்தியே ஆளுக சிரிக்க ஆரம்பிச்சிருவாக” என்றாள்.

மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். இரண்டரை மணி பஸ் பதினைந்து நிமிஷம் தாமதமாக வந்தது.